சிவப்புப் பொட்டு வைத்த கட்டை

எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், வெளிநாட்டுப் பெட்டி பிரிப்பதென்பது தேர்த் திருவிழாவுக்கு அடுத்தபடியான காட்சி. பெட்டிக்குச் சொந்தக்காரி எந்த நாட்டிலோ, யார் வீட்டிலோ பாத்திரம் கழுவி, பிள்ளை தூக்கிச் சேர்த்ததைப் பத்துக் காம்பரா வீட்டுக்காரர்களும் சுற்றி உட்கார்ந்து பார்க்க வேண்டும். கத்தி எடுத்து நாடாவை அறுப்பது வீட்டு ஆம்பிளை. உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவது போய்வந்தவள். பார்க்க வந்தவர்களுக்கு ஆளுக்கொரு வாசனைச் சவர்க்காரம், பிள்ளைகளுக்கு டொபி இனிப்பு. இவற்றைக் கொடுக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி பிரித்தவர்களைப் பற்றி எங்கள் தோட்டத்தில் வருஷக்கணக்காகப் பேசுவார்கள்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, பெய்ரூட்டில் நாலு வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்களுடைய தோட்டம் லுணுகலைக்கு மேலே இருக்கிறது. எங்களுடையது என்றால் கொழுந்து பறிக்கிற வேலை எங்களுடையது, மற்றதெல்லாம் கம்பனியுடையது. வருவதற்கு முன்னால் சித்தி தொலைபேசியில், 'நீளமா ஒரு பெட்டி வருது, பாத்து எறக்கணும்' என்று சொல்லியிருந்தாள். நீளமான பெட்டி என்றால் டீவி என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டியதோடு நிற்கவில்லை. லுணுகலைக்குப் போய் அன்டெனா வாங்கிவந்து, கூரைத் தகரத்துக்கு மேலே உயரமாக ஒரு கம்பம் நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, டீவி வர முன்பே எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டார். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்ட வாரம் அது.

பெட்டியை அறுத்தார்கள். வெள்ளைத் தெர்மகோல் வந்தது. பிறகு கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் வைத்த ஒரு நீளமான சாமான் வந்தது. பக்கத்துக் காம்பரா அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இதென்ன, பியானோவா?"

"பியானோவுக்கு மூடி இருக்கும்க்கா. இதுக்கு மூடி இல்ல. அதுக்குத்தான் இத வாங்குனேன்" என்றாள் சித்தி.

இது என்ன நியாயம் என்று யாருக்கும் விளங்கவில்லை. மூடி இல்லாத சாமானை மூடி இல்லை என்பதற்காகவே வாங்குவார்களா? அடுப்புப் புகை, கரி, மழைக் காலத்துப் பூஞ்சணம் எல்லாம் இதற்குள்ளேதான் போகும் என்று அம்மா அன்றைக்கே புலம்ப ஆரம்பித்து, மறுநாள் பழைய சேலை ஒன்றைக் கிழித்து உறை தைத்துப் போட்டாள். அப்பா வெளியே போய்த் தன் கம்பத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். சவர்க்காரமும் டொபியும் குறைவில்லாமல் கிடைத்ததால் வந்தவர்கள் 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

அம்மாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. லயத்தை விட்டுப் போகப் புதுக் காணியில் கட்டத் தொடங்கிய எங்கள் வீட்டுச் சுவர் ஜன்னல் உயரத்துக்கு எழும்பி நின்றுவிட்டது. சித்தி இன்னும் ஒரு முறை போய்வந்தால்தான் கூரை. வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிற ஏஜென்டும் சித்தியைக் கேட்டு ஆளனுப்பிக்கொண்டிருந்தான். சித்திக்குப் போக விருப்பமில்லை. ஏன் விருப்பமில்லை என்று கேட்டால், "போதும்க்கா" என்பாள். அவ்வளவுதான். அம்மா விடியக்காலை எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கூடை நிரப்பிவிட்டு வருகிறவள். 'போதும்' என்ற சொல்லைச் சொல்கிற வசதி அவளுக்கு வாய்த்ததில்லை. அதனால் அந்தப் பதில் அவளுக்கு எரிச்சலைத்தான் கொடுத்தது.

கீபோர்ட் வந்தவுடன் லயத்தில் எல்லாரும் சினிமாப் பாட்டு கேட்கலாம் என்று காத்திருந்தார்கள். சித்தி பாட்டே வாசிக்கவில்லை. நாலைந்து கட்டைகளை ஒன்றாக அமுக்குவாள். அமுக்கியபடி கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். பிறகு வேறு நாலைந்து. பக்கத்துக் காம்பராவில் இருந்து, "பழுதாகிப்போச்சா?" என்று அனுதாபமாகக் கேட்டார்கள்.

அவள் வேலை செய்த வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பியானோ படிப்பிக்க வாரத்துக்கு இரண்டு நாள் ஓர் ஆள் வருமாம். அந்த நேரத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அதே அறையில் மூலையில் இருப்பது சித்தியின் வேலை. பிள்ளைக்கு ஏறாத பாடம் மூலையில் இருந்தவளுக்கு ஏறிவிட்டது. இவ்வளவுதான் அவள் சொன்னாள். அந்த ஊரைப் பற்றி நாங்கள் கேட்டால் கடலைச் சொல்வாள், ரொட்டியைச் சொல்வாள், ஒலிவ் காயின் கசப்பைச் சொல்வாள். நாலு வருஷத்தை அவள் கால் மணித்தியாலத்தில் சொல்லி முடித்துவிடுவாள். நாங்களும் அதற்குமேல் கேட்கத் தோன்றாமல் இருந்தோம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் அவளுடைய வலது பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்துவிடுவேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. போ என்றாலும் போயிருக்க மாட்டேன். வாய் ஓயாமல் நான் கேட்கிற கேள்விகளைப் பொறுக்க முடியாமல்தான் அவள் ஒரு நாள் சொன்னாள்.

"இங்க பாரு. இது ஸோல். இதுல இருந்து ஒண்ணு விட்டு ஒண்ணு வெள்ளைக் கட்டையா ஏறிக்கிட்டே போ."

போனேன். ஸோல், ஸி, ரே, ஃபா, லா, தோ, மி. அந்த ஊரில் அப்படித்தான் பெயர் சொல்வார்களாம். கட்டைகளை எண்ணினால் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று.

"மொத மூணும் சேந்தா சும்மா ஒரு கோட். ஏழாவதச் சேத்தவொடனே அதுக்கு வீட்டு நெனப்பு வந்துரும். ஒன்பதச் சேத்தா இன்னும் கொஞ்சம். பதிமூணும் வந்துட்டா இருப்புக் கொள்ளாது."

கோட் என்றால் பல கட்டைகளைச் சேர்த்து அமுக்கும்போது வருகிற சத்தம். வீடு என்று அவள் சொன்னது தோ என்ற கட்டையில் நிற்கிற கோட். நான் பிறகு படித்த புத்தகங்களில் இந்த ஸோல் கோட்டுக்கு டொமினன்ட் என்று பெயர் போட்டிருந்தது. ஆட்சி செய்வது என்று அர்த்தமாம். அப்படிப் பெயர் வைத்தவர் அதை அமுக்கிவிட்டு விரலை எடுக்காமல் ஒரு நிமிஷம் இருந்து பார்த்திருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றும். சித்தி இருந்து காட்டுவாள். அமுக்கிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் அப்படியே நிறுத்திவிடுவாள். எனக்கு நெஞ்சுக்குள்ளே ஏதோ பிறாண்டும். "போங்க சித்தி, வீட்டுக்குப் போங்க" என்று கெஞ்சுவேன். அவள் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இழுப்பாள். சங்கீதத்தில் துளி ஞானமும் இல்லாத அப்பா, குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், சோற்றுக் கவளத்தை வாய்க்கு நேரே பிடித்தபடி காத்திருப்பார். தோ வந்த பிறகுதான் கவளம் உள்ளே போகும். இது அவருக்கே தெரியாது. தெரிந்த பிறகு எங்களைத் திட்டினார்.

ஏழு கட்டைகளையும் ஒரே நேரத்தில் அமுக்கினால் சத்தம் குழம்பிப் போகும், சிலதை விட்டுவிட வேண்டும் என்பதையும் சித்திதான் சொன்னாள். பதினொன்று மூன்றோடு சண்டை பிடிக்கும், அதை எடுத்துவிடு. ஐந்து இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். மூன்றையும் ஏழையும் மட்டும் விடவே கூடாது. வீட்டு நினைப்பு அந்த இரண்டுக்குள்ளேதான் இருக்கிறது. எனக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. ஐந்து என்றால் எங்கள் வீட்டில் பேச்சு நடக்கும்போது அப்பா இருப்பது போல. பதினொன்றும் மூன்றும் என்றால் அம்மாவும் பக்கத்துக் காம்பரா அக்காவும் தண்ணிப் பீலியில் சந்திப்பது போல. இதை அன்றைக்கே உரக்கச் சொல்லி அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

இப்போது என்னுடைய கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்தி இடது கையால் ஸோலையும் ஃபாவையும் பிடிப்பாள். வலது கையில் பெருவிரல் லாவிலும், ஆட்காட்டி விரல் ஸியிலும் உட்காரும். மேலே, கொஞ்சம் எட்டத்தில், பதின்மூன்றாவதான மி. அதை அவள் தொட மாட்டாள். அவளுடைய வலது சுண்டுவிரல் எப்போதும் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக, விறைப்பாக நின்றது. சாப்பிடும்போது தெரியாது, சேலைத் தலைப்பில் கையைச் சுருட்டி வைத்துக்கொள்கிற பழக்கத்தால் மற்ற நேரத்திலும் தெரியாது. பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும். ஒரு நாள் அவள் என் ஆட்காட்டி விரலைப் பிடித்து அந்த மியின்மேல் வைத்தாள். பிறகு நெயில் பாலிஷ் குப்பியை எடுத்து, அந்தக் கட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

"இது ஒன்னோடது. நான் இதத் தொட மாட்டேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது வயதில் சொந்தமாக ஒரு கட்டை. அதிலும் என்ன கட்டை! ஸோல் கோட் தோவுக்குப் போகும்போது மற்றக் கட்டைகள் இடம் மாற வேண்டும். என் மி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தக் கோட்டிலும் அது உண்டு, அந்தக் கோட்டிலும் அது உண்டு. எனக்கு இது அநியாயமாகப் பட்டது. எல்லாரும் வேலை செய்யும்போது நான் மட்டும் சும்மா இருப்பதா?

"சும்மா இல்லடி. மத்ததெல்லாம் வழியில நிக்குது. அது மட்டும் முன்னாடியே வீட்டுல போய் உக்காந்துக்கிட்டு, வா வான்னு கூப்புடுது" என்றாள் சித்தி.

அதற்குப் பிறகு நான் விரலை எடுத்ததே இல்லை.

அந்த நேரத்தில்தான் மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் தம்பி, பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை. கடைக்குப் பக்கத்தில் ஓர் இசைக்குழு மாஸ்டர் இருந்தார். கல்யாணம், பெரிய பிள்ளையாகிற சடங்கு, கோயில் திருவிழா என்று ஊவா மாகாணம் முழுக்கப் போய் வாசிக்கிற குழு. அவருடைய கீபோர்ட்காரன் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். மாமா சித்தியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பொம்பிளைப் பிள்ளை வாசித்தால் சனம் விரும்பிக் கூப்பிடும் என்று மாஸ்டருக்கும் ஒரு யோசனை. வந்து கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

அம்மாவுக்கு அரை மனம். குழுவில் மாசாமாசம் நிரந்தரமாக வேலை கிடைக்குமென்றால் போகத் தேவையில்லை, கூரை மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம் என்று கடைசியில் சொல்லிவிட்டாள். இல்லையென்றால் ஏஜென்டுக்கு ஆமா சொல்ல வேண்டும். சித்தி அதற்குத் தலையாட்டினாள். அந்த ஒரு வாரமும் அவள் பாட்டுகள் வாசித்துப் பழகினாள். லயமே நிம்மதி அடைந்தது. பழுது சரியாகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் மாஸ்டர் வந்தார். கோயிலில் இருந்து கதிரை இரவல் வாங்கி, துவாய் விரித்து உட்கார வைத்தோம். தங்க மோதிரம், முழங்கை வரை மடித்த சட்டை, மெல்லிய குரல். கெட்ட மனிதரில்லை என்று இப்போதும் சொல்வேன். தேத்தண்ணியும் கிரீம் பிஸ்கட்டும் கொண்டுவருவது என் பொறுப்பு. மற்றபடி அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று அம்மா கண்ணை உருட்டிச் சொல்லியிருந்தாள்.

சித்தி இரண்டு பாட்டு வாசித்தாள். மாஸ்டர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் சரியில்லை. கடைக்காரன் வேண்டாத சாமானுக்கு ஆட்டுகிற மாதிரி ஆட்டினார். குசினி வாசலில் நின்ற எனக்கு அது பொறுக்கவில்லை. சித்திக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் பாட்டை நிறுத்திவிட்டு, ஸோலைப் பிடித்தாள். ஸோல், ஃபா, ஸி. பிறகு லா. கதிரையில் சாய்ந்திருந்த மாஸ்டர் நிமிர்ந்தார்.

அந்த இடத்தில்தான் நான் தேத்தண்ணித் தட்டைத் தரையில் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. லா விழுந்தால் அடுத்தது நான், மாசக்கணக்கான பழக்கம். போய் முட்டிபோட்டு, சிவப்புப் பொட்டின்மேல் விரலை வைத்து அமுக்கினேன்.

காம்பரா முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. அப்பா வாசற்படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். சித்தி இழுத்து, இழுத்து, பிறகு தோவுக்குப் போனாள். மாஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தோம். மூன்றாவது முறையும் கேட்டார். எங்கள் ஸோலுக்கு அவர் சொல்கிற பெயர் ஜி.

"ஜி தேர்ட்டீன்த் தங்கச்சி இது. இந்தப் பக்கத்துல இத யாரும் வாசிச்சு நான் கேட்டதில்ல. எங்க படிச்சீங்க?"

"படிக்கல சார். பாத்துப் பழகுனது."

அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அவள் அப்படி ஒரு பெருமையோடு சித்தியைப் பார்த்து அதுவரை நான் கண்டதில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, சித்தி இனிப் போக மாட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. எனக்கு இருந்த ஒரே கவலை, மாஸ்டர் சித்தியை மட்டும் பாராட்டிக்கொண்டிருக்கிறாரே என்பதுதான். குழுவில் சேர்ப்பதென்றால் இரண்டு பேரையும் சேர்த்துத்தானே சேர்க்க வேண்டும்? இதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டாமா?

"அந்த நோட்டு நான் அடிக்கிறது" என்றேன். "சித்திக்கு அத அடிக்க ஏலாது. சுண்டுவிரல் மடங்காது. பாருங்க சார்."

சொன்னதோடு விடவில்லை. சித்தியின் வலது கையைக் கட்டைகளின்மேல் இருந்து தூக்கி, அந்த விரலைப் பிடித்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரிக் காட்டினேன்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். விரலின் நடு முட்டி பக்கவாட்டில் வளைந்து, வளைந்தபடியே காய்ந்துபோயிருந்தது. அம்மா எழுந்து வந்தாள்.

"விரலுக்கு என்னாடி ஆச்சு?"

"கதவுல மாட்டிக்கிச்சுக்கா. பழசு."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

சித்தி கையை மெதுவாக என்னிடம் இருந்து எடுத்துச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். மாஸ்டர் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். குடித்து முடித்த பிறகு, அந்த மெல்லிய குரலிலேயே சொன்னார்.

"கல்யாண வீடுன்னா அஞ்சாறு மணித்தியாலம் நிறுத்தாம வாசிக்கணும் தங்கச்சி. கை முழுசா ஒத்துழைக்கணும். பாத்துட்டுச் சொல்லி அனுப்புறேன்."

"நானும் வாறேன் சார். லீவு நாள்ல எல்லாம் வருவேன்" என்றேன் நான்.

எல்லாரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். மாஸ்டர் என் தலையைத் தடவி, "நீ நல்லா வருவம்மா" என்றார். அந்தப் பாராட்டைக் கொண்டுபோய் அன்று பின்னேரமே லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் காட்டினேன்.

அவர் சொல்லி அனுப்பவில்லை. மாமாவின் கல்யாணத்துக்கு வேறொரு பையனைக் கூட்டிவந்திருந்தார். அவனுக்குப் பத்து விரலும் நன்றாக இருந்தன; மூன்று கட்டைக் கோட்டிலேயே இரவுச் சாப்பாடு வரை ஓட்டிவிட்டான். அவன் ஏழாவதைக்கூடச் சேர்க்காமல் வீட்டுக்குப் போன ஓர் இடத்தில் நான் சட்டென்று சித்தியைத் தேடினேன். பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவள் அதே நேரத்தில் என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டுந்தான் அங்கே ஏதோ குறைந்தது. பிறகு யாரோ சாம்பார் கேட்டார்கள், அவள் திரும்பிவிட்டாள்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் அவள் புறப்பட்டாள். லுணுகலை பஸ் நிலையத்தில் எல்லாரும் நின்றோம். முதல் நாள் இரவு சமையலறையில் அம்மா அழுததை நான் கேட்டிருந்தேன். காலையில் அவள்தான் எல்லாருக்கும் முன்னால் நின்று பையை ஏற்றினாள். சித்தி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டு, என் ஆட்காட்டி விரலைப் பிடித்து ஒரு முறை அமுக்கினாள். எனக்கு அவள் போவது துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் போகிறவர்களிடம் ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்பது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் சட்டம். எதைக் கேட்பது என்று பல நாள் யோசித்து வைத்திருந்தேன். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"சித்தி, இந்தத் தடவ மூடி வச்ச பியானோவா வாங்கிட்டு வாறீங்களா? தூசி போகாம இருக்கும்."

"சரிடி" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

மூன்று வருஷம் கழித்து வந்தபோது நீளமான பெட்டியில் டீவிதான் இருந்தது. அப்பாவின் கம்பம் ஒருவழியாக வேலைக்கு வந்தது. புது வீட்டுக்குக் கூரையும் வந்திருந்தது. சவர்க்காரம், டொபி எல்லாம் முறைப்படி கொடுத்தாள். கீபோர்டை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். அடுத்த வருஷம் பசறைப் பக்கம் கல்யாணம் கட்டிக்கொண்டு போனாள். இப்போது அங்கே வீட்டோடு ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தொலைபேசி எடுப்பேன். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம், மழையைப் பற்றிப் பேசுவோம்.

நான் பதுளையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். போன வருஷம் ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்காக நகரத்தில் வேறொரு பெரிய பாடசாலைக்குப் போயிருந்தேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் மண்டபத்தில் யாரும் இல்லை. மேடைக்குக் கீழே ஒரு பழைய பியானோ நின்றது. மரத்தால் செய்த நிஜப் பியானோ ஒன்றின் முன்னால் நான் உட்கார்ந்தது அன்றுதான். மூடியைத் தூக்கினேன். எண்ணியதைவிடப் பாரமாக இருந்தது. தூக்கிச் சாய்த்து வைத்துவிட்டு, வேறென்ன வாசிக்கப் போகிறேன், ஸோலையும் ஃபாவையும் இடது கையால் பிடித்தேன்.

வலது கையில் பெருவிரல் லாவில், ஆட்காட்டி ஸியில். மியை அமுக்க இன்னொருவருடைய விரல் வேண்டும் என்ற நினைப்பிலேயே வளர்ந்தவள் நான். கையை விரித்துப் பார்த்தேன். மோதிர விரல் அலுங்காமல் போய் மியின்மேல் உட்கார்ந்தது. எட்டிப் பிடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சுண்டுவிரலுக்கு அந்தக் கோட்டில் வேலையே இல்லை. சித்தியின் கை என் கையைவிடப் பெரியது.

அன்றைக்கு மாஸ்டருக்கு முன்னால் அவள் கையைத் தலைப்புக்குள் வைக்காமல், மோதிர விரலால் ஒரே ஒரு தரம் அதை அமுக்கிக் காட்டியிருந்தால் போதுமே! ஏன் செய்யவில்லை? நான் பொய் சொன்னவளாகிவிடுவேன் என்றா? இத்தனை பேருக்கு முன்னால் சின்னப் பிள்ளையின் முகம் வாடக் கூடாது என்றா? பல வருஷத்துக்குப் பிந்திய கோபத்தோடும் அழுகையோடும் எழுந்தேன். எழும்பும்போது முழங்கை பட்டு, சாய்த்து வைத்திருந்த மூடி விழுந்தது.

கட்டைகளின்மேல் இருந்த வலது கையை இழுத்துக்கொண்டேன். நாலு விரல் தப்பிவிட்டன. கடைசியாக வெளியே வந்த சுண்டுவிரலின் நுனியை மூடியின் விளிம்பு உரசிக்கொண்டு போனது. வெற்று மண்டபத்தில் வெடி போட்ட மாதிரிச் சத்தம் கேட்டது. வெளியே இருந்து யாரோ, "என்ன டீச்சர், என்ன?" என்று ஓடிவந்தார்கள். "ஒண்ணுமில்ல, மூடி" என்றேன்.

அந்தச் சொல்லை என் வாயாலேயே சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது; அந்த ஸ்டூலிலேயே திரும்ப உட்கார்ந்தேன். பெய்ரூட்டில் அந்த வீட்டுக்காரர்கள் வெளியே போயிருந்த நேரமாக இருந்திருக்கும். மூலையில் கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றியதை ஒரு முறையாவது அமுக்கிப் பார்க்க அவள் பியானோ முன்னால் உட்கார்ந்திருப்பாள். அப்போது அவளுக்கு நல்ல விரல்கள். பதின்மூன்றாவதைச் சுண்டுவிரலால்தான் தொட்டிருப்பாள். யாரோ நினைத்ததைவிட முன்னால் திரும்பி வந்திருக்கிறார்கள். என் மூடி என் முழங்கை பட்டு விழுந்தது. அவள் விரல்மேல் விழுந்த மூடி தானாக விழவில்லை.

இதெல்லாம் என் ஊகந்தான். சித்தி எனக்குச் சொல்லவில்லை. நானும் இதுவரை கேட்கவில்லை. ஆனால் அவள் எனக்குச் சொன்னது ஒன்று உண்டு, அதை நான்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. சிவப்புப் பொட்டை வைத்தபோது, இதைத் தொட மாட்டேன் என்றுதான் அவள் சொன்னாள். ஏலாது, முடியாது என்று மாஸ்டரிடம் சொன்னது நான். பயத்தில் அவளால் தொட முடியாமல் போன ஒரு கட்டையை, பயமறியாத ஒரு விரலைத் தேடிப் பிடித்து, அதன் பொறுப்பில் விட்டு வைத்திருந்தாள். அந்த விரலின் சொந்தக்காரி பஸ் நிலையத்தில் நின்று அவளிடம் மூடி வைத்த பியானோ கேட்டாள். அதற்கு அவள், சரிடி என்றாள்.